சாஸரைத் திருப்பிப் பாருங்கள்: பூப்போட்ட பழைய கோப்பைகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

பூப்போட்ட பழைய பீங்கான் கப்-சாஸர் குறித்து வந்த கடிதங்களில் இருந்து சில இங்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எஸ்டேட் பங்களா ஒன்றில் சாமான்களை விற்றபோது ஆறு கப்-சாஸர் வாங்கினேன். சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு ரோஜாக்கள், தங்க விளிம்பு. அடியில் ‘ராயல் ஆல்பர்ட்’, ‘ஓல்டு கன்ட்ரி ரோசஸ்’ என்ற பெயர்களும் ‘1962’ என்ற எண்ணும் இருக்கின்றன. 1962-ல் செய்தவை என்று விற்றவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: அந்த எண் கப் செய்த ஆண்டு இல்லை, டிசைன் பிறந்த ஆண்டு. ராயல் ஆல்பர்ட் என்ற ஆங்கிலேயப் பீங்கான் நிறுவனத்துக்காக ஹரால்ட் ஹோல்ட்கிராஃப்ட் என்ற ஓவியர் வரைந்த இந்த ரோஜாக் கொத்து 1962-ல் விற்பனைக்கு வந்தது. இன்று வரை நிற்காமல் உற்பத்தி ஆகிறது. பல பத்தாண்டுகள் கழித்துச் செய்த கப்பிலும் அதே 1962 இருக்கும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு புதிய கப்பைப் பழையது என்று விற்பவர்கள் நிறைய. தெரியாமல் அப்படி விற்பவர்களும் உண்டு.

நீங்கள் பார்க்க வேண்டியது ‘இங்கிலாந்து’ என்ற சொல்லை. இந்தச் சரக்கின் உற்பத்தி 2002-ல் இந்தோனேசியாவுக்குப் போனது. அடி முத்திரையில் ‘இங்கிலாந்து’ அல்லது ‘மேட் இன் இங்கிலாந்து’ இருந்தால் அதற்கு முந்தியது. அந்தச் சொல் இல்லாமல் நிறுவனப் பெயரும் டிசைன் பெயரும் மட்டும் இருந்தால் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முத்திரையின் குறுக்கே ஊசியால் இழுத்ததுபோல ஒரு கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பயன்படுத்தியதில் விழுந்த கீறல் அல்ல. சிறு குறை உள்ள இரண்டாந்தரச் சரக்கு என்று தொழிற்சாலையே போட்ட அடையாளம். குடிப்பதற்கு அதனால் ஒன்றும் குறைவில்லை, ஆனால் முதல்தர விலை கொடுக்க வேண்டியதில்லை.

முத்திரை படிப்பதில் பொதுவாகக் கைகொடுக்கும் சில ஆண்டுகளையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுதாக இருந்தால் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ராயல் ஆல்பர்ட்டில் ‘போன் சைனா’ (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்) என்பதற்குப் பதில் ‘கிரௌன் சைனா’ என்று இருந்தால் 1930-களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக எடுத்துக்கொள்ளலாம். ‘ஷெல்லி’ என்ற ஆங்கிலேய நிறுவனப் பெயர் கேடயத்துக்குள் இருந்தால் 1910-க்கும் 1966-க்கும் இடைப்பட்டது. ஜப்பானியக் கோப்பைகளில் ‘நிப்பான்’ என்றால் 1921-க்கு முன். ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952 வரையிலான சில ஆண்டுகள்.

‘ஆர்.டி. நம்பர்’ (பதிவு எண்) என்று தொடங்கும் எண் 1884-ல் வந்த வழக்கம். அதற்கு முன், 1842 முதல் 1883 வரை, வைர வடிவக் கட்டத்துக்குள் எழுத்துகளைப் போட்டார்கள். இரண்டுமே வடிவத்தையோ டிசைனையோ பதிவு செய்த தேதியைத்தான் காட்டும். ஷெல்லியின் ஆறு மடிப்பு ‘டெயின்டி’ வடிவத்துக்கு 272101 என்ற எண். வடிவம் 1896-ல் வந்தது, அதே எண்ணோடு 1960-கள் வரை கப்புகள் வந்துகொண்டே இருந்தன. முத்திரையே இல்லாவிட்டால் போலி என்றும் முடிவு கட்ட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பல பட்டறைகள் டிசைன் எண்ணை மட்டும் தூரிகையால் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டன.

கேள்வி: போன் சைனாவில் உண்மையிலேயே எலும்பு இருக்கிறதா? எங்கள் வீட்டில் சைவம். அக்கா மகள் பரிசாகக் கொடுத்த கப்பில் மாமியார் காபி குடிக்க மாட்டேன் என்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இருக்கிறது. உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. ஆங்கிலேய போன் சைனாவின் வழக்கமான கலவை 2 பங்கு எலும்புச் சாம்பல், 1 பங்கு வெள்ளைக் களிமண், 1 பங்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைக்கும் கல். அதாவது பாதிக்குப் பாதி எலும்புச் சாம்பல், அதுவும் மாட்டெலும்பு. எலும்பைச் சுட்டுக் கொழுப்பும் பசையும் எரிந்துபோன பிறகு மிஞ்சும் கால்சியம் பாஸ்பேட்டை அரைத்துச் சேர்க்கிறார்கள். பிறகு கப் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் வேகிறது. கடைசியில் எலும்பு எலும்பாக இருப்பதில்லை. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்பதுதான் சிலருக்கு முக்கியம். அதை வேதியியலால் வாதாடி வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால் பூப்போட்ட பழைய கோப்பைகளில் எலும்பே இல்லாதவை ஏராளம். ஜெர்மனியின் மைசென் 1710-ல் தொடங்கியது. பிரான்சின் லிமோஜ் ஊரில் செய்த ஹாவிலாண்டும் அதே வழி. ஜப்பானிய நோரிடேக்கின் பழைய பீங்கானும் அப்படித்தான். இவையெல்லாம் வெள்ளைக் களிமண்ணும் கல்லும் மட்டும் கலந்த கடினப் பீங்கான். வீட்டிலேயே பிரித்தறியலாம். சாஸரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்புறம் விரல்களை விரித்துப் பாருங்கள். போன் சைனாவில் வெளிச்சம் பால் ஆடை நிறத்தில், கொஞ்சம் மஞ்சள் கலந்து வரும். கடினப் பீங்கானில் நீலமோ சாம்பலோ ஓடிய வெண்மை. அடியில் ‘போன் சைனா’ என்ற சொல் இருந்தால் சந்தேகமே இல்லை. ‘ஃபைன் சைனா’, ‘போர்சிலின்’ என்பவை எலும்பைக் குறிக்கும் சொற்கள் அல்ல. நோரிடேக் இரண்டு வகையும் செய்திருப்பதால் அந்தப் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், முத்திரையை முழுவதும் படியுங்கள்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளில் பீங்கான் கோப்பைகள் பார்க்கிறேன். எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன. கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் எதை எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பூவைக் கடைசியில் பாருங்கள். பூ பிடித்துவிட்டால் கண் மற்றதைத் தேடாது.

முதலில் ஓசை. பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கும் அதே அறிவுதான். கப்பைக் காதில் (கைப்பிடியில்) தொங்கவிடாமல், மூன்று விரல் நுனிகளை மேல்நோக்கி வைத்து அவற்றின்மேல் நிறுத்துங்கள். மறு கை நகத்தால் விளிம்பை மெல்லச் சுண்டுங்கள். நல்ல போன் சைனா கணீரென்று ஒலித்துச் சிறிது நேரம் நீளும். உள்ளே கீறல் விட்டிருந்தால் ஒலி உடனே செத்துவிடும். உள்ளங்கை முழுதும் பட்டாலும் ஒலி மட்டுப்படும், அதனால்தான் விரல் நுனி. மண்பாண்ட வகைக் கோப்பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஒலி வராது. அதை உடைசல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து வெளிச்சம். கைபேசி விளக்கைக் கப்புக்குள் விட்டு வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். மயிர்க்கோடு போன்ற விரிசல் கறுப்பு இழையாகத் தெரியும். அது உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே இடத்தில் ஓடினால் உண்மையான விரிசல். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் கண்ணாடி போன்ற மேல்பூச்சில் விழுந்த கரண்டிக் கோடாக இருக்கலாம். காது கப்போடு சேரும் இரண்டு இடங்களிலும் கூடுதலாக ஒரு நிமிடம் செலவிடுங்கள். அங்கே சூளையிலேயே விழுந்த வெடிப்பும் உண்டு, பிற்பாடு அடிபட்டதும் உண்டு. சூளை வெடிப்பின் ஓரங்கள் வழவழவென்று உருண்டிருக்கும், மேல்பூச்சு அதற்குள் வழிந்திருக்கும். பிந்தியதோ கூர்மையாக, கறை ஏறி இருக்கும். முன்னது பிறவி மச்சம், கவலை வேண்டாம். பின்னது சூடான டீயில் பெரிதாகும்.

மூன்றாவது விரல். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு முழுவதும் விரல் நுனியால் ஒரு சுற்று வாருங்கள். கண்ணுக்குத் தப்பிய சில்லு விரலில் சிக்கும். ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சி குறைந்து மெழுகுபோல இருந்தால் அங்கே பிசின் வைத்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் சின்ன ஊதா விளக்கு இருந்தால் நிழலில் அடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் சுற்றுப்புறத்தோடு சேராமல் வேறு நிறத்தில் ஒளிரும். சாஸரின் அடியில் முக்கோணமாக மூன்று சொரசொரப்புப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், சூளையில் தாங்கிகள் தொட்ட தடம் அது.

இதெல்லாம் தேறிய பிறகு பூ. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்சில் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளால் நிழல் கட்டியிருந்தால் முழுவதும் அச்சு. கோட்டுருவம் ஒரே சீராகவும், உள்ளே நிறம் கோட்டைத் தாண்டி இங்கும் அங்கும் வழிந்தும் இருந்தால் அச்சிட்ட கோட்டுக்குள் கையால் வண்ணம் நிரப்பியது. தூரிகை இழுத்த தடம் ஒவ்வொரு இதழிலும் வேறு வேறாக இருந்தால்தான் முழுக் கைவேலை. ஓவியர் கையெழுத்து இருப்பது மட்டும் சான்றாகாது. ஐன்ஸ்லி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் கோப்பைகளில் ஓவியர் ஜே.ஏ. பெய்லி கையெழுத்தோடு வரும் பெரிய ரோஜாக்களில் அச்சில் வந்தவையும் உண்டு, கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கும்.

கேள்வி: கப் ஓரிடத்திலும் சாஸர் ஓரிடத்திலும் வாங்கிச் சேர்த்து விற்கிறார்கள் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டையும் கவிழ்த்து அருகருகே வையுங்கள். டிசைன் எண் எழுதியிருந்தால் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முத்திரையின் வகையும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஆனால் ஒரே செட்டிலேயே சற்று முன்பின்னான முத்திரைகள் கலந்து வருவது உண்டு, அதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம். தங்கத்தின் நிறம் பொய் சொல்லாது. ஒன்று சிவந்த தங்கமாகவும் மற்றது வெளிறியும் இருந்தால் அவை ஒன்றாகப் பிறந்தவை அல்ல. சாஸர் நடுக்குழியில் கப்பை வைத்து ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் நகரலாம், ஆனால் ஏறி நிற்கவோ தளதளவென்று ஆடவோ கூடாது. பழைய ஆங்கிலேய செட்டுகளில் கப், சாஸர், கேக் வைக்கும் சிறு தட்டு மூன்றும் சேர்ந்தே விற்பனையாயின. அந்தத் தட்டைத்தான் இங்கே பலரும் சாஸர் என்று விற்கிறார்கள். குழி இல்லாமல் தட்டையாக இருந்தால் அது தட்டுதான்.

கேள்வி: கப்பின் உள்ளே பழுப்புக் கறை. என்ன போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை.
– வாசகி, ஈரோடு (இதே கேள்வி மேலும் நால்வரிடமிருந்து)

பதில்: கறை மேலே இருக்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேல்பூச்சு முழுதாக இருந்தால் அது டீயின் துவர்ப்புப் பொருள் மேலே படிந்த படலம்தான். ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவில் அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரமான மெல்லிய துணியில் எடுத்துத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். தங்கக் கோட்டையும் வண்ணப் பூவையும் தொடாமல் தேய்க்க வேண்டும். பச்சை நார், கம்பி நார், பாத்திரத் தூள் மூன்றும் கூடாது. உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் கழுவியவுடன் துடைத்துவிடுங்கள். தானாகக் காய விட்டால் வெள்ளைப் படிவு ஏறும். அதை எடுக்க வினிகர் தேடுவார்கள். வினிகர் பூவின் வண்ணத்தை அரிக்கும்.

மேல்பூச்சில் சிலந்திவலை போல நுண்கீறல்கள் இருந்து, அந்த வலையே பழுப்பாகத் தெரிந்தால் கறை களிமண்ணுக்குள் போய்விட்டது. மண்பாண்ட வகைக் கோப்பைகளில் இது சகஜம். சுட்ட மண் ஆண்டுக்கணக்கில் காற்றின் ஈரத்தை இழுத்துச் சிறிது பருக்கிறது, மேல்பூச்சு கூடவே விரிய முடியாமல் வெடிக்கிறது. இதற்குத் தேய்ப்பது பயன்படாது. கப்பைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். மண் தண்ணீர் குடித்துவிட்டால், கரையும் கறை இன்னும் ஆழத்துக்கு ஓடாது. பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பஞ்சை நனைத்துக் கறைமேல் மட்டும் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு நாள் விடுங்கள். கையுறை அவசியம். தேவையானால் பஞ்சை மாற்றி இரண்டு மூன்று முறை செய்யலாம். கடைசியில் ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி, நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள்.

பிளீச்சிங் திரவம் மட்டும் வேண்டாம். கறை அன்றைக்கே மறையும், அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதன் உப்பு கீறல்களுக்குள் தங்கி, காயும்போது படிகமாகிப் பெருத்து, மேல்பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளும். சேதம் தெரிய மாதங்கள் ஆகும், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: தங்க விளிம்பு மங்குகிறது. திரும்பப் பளபளப்பாக்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியாது. அது மேல்பூச்சின்மீது கடைசிச் சூட்டில் ஒட்டவைத்த மிக மெல்லிய படலம். தேய்ந்தது தேய்ந்ததுதான். பித்தளைக்குப் போடும் மெருகு மருந்தைத் தொடவே தொடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டாம், அதன் காரமும் சூடும் சேர்ந்து அரிக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் தங்கம் பொறி பறக்கும். விலைச் சீட்டை நகத்தால் உரிக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். தங்கத்தின்மேல் செலோடேப் ஒட்டினால் உரிக்கும்போது தங்கமும் கூட வரும்.

கேள்வி: பழைய கோப்பை வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்று படித்தேன். குடிக்கலாமா, ஷோகேஸில் வைத்துக்கொள்வதோடு நிறுத்த வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எல்லாக் கோப்பைக்கும் ஒரே பதில் கிடையாது. பூ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேல்பூச்சுக்கு அடியில் வரைந்த வண்ணத்தைக் கண்ணாடி மூடியிருக்கிறது. மேல்பூச்சுக்கு மேலே வரைந்ததை ஒன்றும் மூடவில்லை. விரலால் தடவினால் மேடு தட்டுப்படுவது இந்த இரண்டாம் வகை, ரோஜாக் கோப்பைகளில் பெரும்பாலானவை இதுதான். 700 முதல் 850 டிகிரி வரையான சூட்டில் உருகிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் சேர்த்தார்கள். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியமும் இருக்கலாம்.

பூ வெளிப்புறத்தில் மட்டும் இருந்து, உள்ளே வெறும் வெள்ளையாக இருந்தால், எப்போதாவது டீ குடிப்பதில் பெரிய கவலை இல்லை. வாய் படும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் வண்ணம் இருந்தால் யோசிக்க வேண்டும். உட்புறம் அடியில் பெரிய பூ, பளபளப்புப் போய் மாவு பூத்ததுபோல் இருக்கிறதா? ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் நிறம் ஒட்டுகிறதா? அது ஷோகேஸுக்குத்தான். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பழைய வண்ணக் கோப்பை வேண்டாம் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. எலுமிச்சை டீ, பழச்சாறு இரண்டையும் ஊற்றாதீர்கள். புளிப்புதான் ஈயத்தை இழுக்கும். ஆய்வகங்கள் இதையேதான் செய்கின்றன: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி, 22 டிகிரியில், 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறார்கள். இதுபோன்ற பாத்திரங்களுக்கு ஐரோப்பா 1984-ல் வைத்த வரம்பு லிட்டருக்கு ஈயம் 4 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் குச்சிச் சோதனை எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்லாது. நிறம் மாறவில்லை என்பதை நற்சான்றாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: கொதிக்கக் கொதிக்கப் பால் டீ குடிப்பவர்கள் நாங்கள். இந்த மெல்லிய கோப்பை தாங்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தாங்கும். போன் சைனா பார்க்க மெலிதாக இருந்தாலும் வலுவான பொருள். விரிசல் இல்லாத கப்பை உடைப்பது சூடு அல்ல, சட்டென்று வரும் மாற்றம். வெந்நீரைக் கப்பில் ஊற்றி அரை நிமிடம் சுழற்றிக் கொட்டிவிட்டு டீயை ஊற்றுங்கள். இந்தக் கோப்பைகள் வழிய வழிய ஏறக்குறைய 200 மில்லி பிடிக்கும், 150 மில்லியோடு நிறுத்தினால் அழகு. ஒருநாள் பால் இல்லாமலும் ஊற்றிப் பாருங்கள். 150 மில்லி தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம் நீலகிரி இலை, மூன்று நிமிடம். அகன்ற வாயும் உட்புற வெண்மையும் அந்தத் தேன் நிறத்தைக் காட்டுவதற்காகவே வடித்தவை. கனமான டம்ளரில் அது தெரியவே தெரியாது. காதுக்குள் விரலை நுழைக்க முடியவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். நுழைக்க வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பக்கவாட்டில் கிள்ளிப் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்க வேண்டும்.

கேள்வி: அம்மம்மாவின் கோப்பையும் பீரிசும் ஒரு செட் எங்களிடம் இருக்கு. ‘நோரிடேக்’ என்றும் ‘ஶ்ரீ லங்கா’ என்றும் அடியில் போட்டிருக்கு. ஜப்பான் சாமான் இல்லை, பெறுமதி இல்லை என்று சொல்லுகினம். உண்மையோ?
– வாசகி, கண்டி

பதில்: நோரிடேக்தான், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் செய்தது. 1972-ல் மாத்தளையில் தொடங்கிய ஆலையின் சரக்கு. ஜப்பானில் செய்த பழைய செட்டுக்குச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவது உண்மை. அதனால் இது போலி என்றாகாது. மாத்தளைப் பீங்கான் வெண்மையும் மெல்லிய விளிம்பும் நன்றாக வந்தவை. செட் குறையாமல் வைத்திருங்கள், பீரிசு ஒன்று உடைந்தால் கோப்பையைத் தனியாக விற்பது கஷ்டம். (சாஸரைக் குறிக்கும் பீரிசு என்ற சொல்லே போர்த்துக்கீசியரோடு வந்து ஈழத்தமிழில் தங்கிவிட்டது. எவ்வளவு அழகான சொல்!) நோரிடேக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். போர் முடிந்த கையோடு, 1940-களின் பிற்பகுதியில், சரக்கின் தரம் பழைய நிலைக்கு வரவில்லை என்று நிறுவனமே தன் பெயரைப் போடாமல் ‘ரோஸ் சைனா’ என்ற முத்திரையில் விற்றது. அந்தக் கோப்பைகள் இன்று அபூர்வம், ஆனால் தரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒரு கப் முழுவதும் இடைவெளியே இல்லாமல் சின்னப் பூக்கள். அடியில் ‘ராயல் வின்டன்’. தட்டினால் ஒலியே இல்லை. போலியா?
– வாசகி, சென்னை

பதில்: போலி அல்ல. ராயல் வின்டன் என்பது ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் இருந்த கிரிம்வேட்ஸ் பட்டறையின் பெயர். அவர்களின் இந்த வகை பெரும்பாலும் மண்பாண்டம், ஒலிக்காது. இந்த நெருக்கமான பூவேலைக்கு ‘சின்ட்ஸ்’ என்று பெயர். சோழமண்டலக் கரையில் நெய்து, கையால் பூ எழுதி, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பருத்தித் துணிகளுக்கு வைத்த பெயர் அது. நம் கரையின் சாயக்காரர்கள் எழுதிய பூக்கொடிதான் இங்கிலாந்தில் திரைச்சீலையாகி, பிறகு கோப்பையிலும் ஏறியது. இந்தக் கோப்பையைக் கையில் எடுக்கும் தமிழ் வாசகர்கள் அதை மறக்க வேண்டாம்.

தரம் பார்ப்பது ஒட்டில். பூ அச்சான மெல்லிய தாளை வெட்டி, வளைவுக்கு ஏற்பச் சுற்றி ஒட்டுவார்கள். காதுக்குப் பின்னாலும் அடியிலும் தாள் சேரும் கோடு இருக்கும். பூ பாதியில் வெட்டுப்படாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வெள்ளை இடைவெளி விழாமல் சேர்ந்திருந்தால் தேர்ந்த கை. 1928-ல் வந்த ‘மார்கரீட்’, 1932-ல் வந்த ‘சம்மர்டைம்’ போன்ற டிசைன்களில் பழையவற்றைத் தேடுகிறார்கள். 1990-களில் சில டிசைன்களை மறுபடி வெளியிட்டார்கள், ஆகவே முத்திரையில் ‘1995’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: காது உடைந்துவிட்டது. துண்டு பத்திரமாக இருக்கிறது. எதில் ஒட்டுவது?
– வாசகர், திருச்சி

பதில்: எதில் ஒட்டினாலும் அந்தக் கப்பில் இனி சூடாக எதையும் ஊற்றாதீர்கள். பிடித்துத் தூக்கும்போது காது விட்டால் கொதிக்கும் டீ மடியில் விழும். உடனடியாக ஒட்டும் பசை இதற்கு மோசமான தேர்வு. ஈரத்துக்கும் சூட்டுக்கும் விடும், மறுபடி சுத்தமாகச் சுரண்டி எடுப்பதும் கடினம். அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துகிறார்கள், அசிட்டோன் தடவினால் கழன்றுவிடும் என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் 40 டிகிரி செல்சியசை ஒட்டி அது இளகத் தொடங்கும். திருச்சியின் கோடையில், மூடிய கண்ணாடி அலமாரிக்குள், ஒட்டு மெல்ல நழுவலாம். ஆகவே கூரையடி அறைக்கும் வெயில் படும் சுவருக்கும் அது சரிவராது. நம் ஊருக்கு மெதுவாக இறுகும் தெளிந்த எபாக்சி பொருத்தம். காலப்போக்கில் லேசாக மஞ்சளாகும், பிரிப்பதும் கடினம் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள்.

உடைந்த முகங்களை அசிட்டோனால் துடையுங்கள். பசையில்லாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். துண்டுகள் இரண்டுக்கு மேல் இருந்தால் எந்த வரிசையில் வைத்தால் கடைசித் துண்டு உள்ளே போகும் என்று ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கடைசித் துண்டு வெளியே நின்றுவிடும். பசையை ஒரு முகத்தில் மட்டும், குண்டூசித் தலையளவு. அதிகம் வைத்தால் துண்டு உட்காராது. கப்பை ஒரு கிண்ண அரிசியில் சாய்த்துப் புதைத்து, காதின் பாரம் நேராக ஒட்டின்மேல் இறங்கும்படி நிறுத்துங்கள். ஒரு நாள் தொடாதீர்கள். பழைய சாஸரின் அடியில் சிறு உலோகத் தையல் போட்டிருந்தால் அதைக் கழற்றாதீர்கள். பசைகள் வருவதற்கு முன் வைர முனைத் துரப்பணத்தால் துளையிட்டுப் போட்ட ஒட்டு அது. அந்த ஒட்டே கோப்பையின் வரலாறு.

கேள்வி: பாட்டியின் செட்டை கனடாவில் இருக்கும் மகளுக்குக் கொடுக்க வேண்டும். எப்படிக் கட்டி அனுப்புவது?
– வாசகி, புதுச்சேரி

பதில்: முதலில் வயதைப் பாருங்கள். 100 ஆண்டு ஆன கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அவற்றைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. உங்கள் செட் அந்த வயதுக்கு அருகில் இருந்தால் சுங்கத்தில் கேள்வி வரும் முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிவிடுங்கள். முத்திரையின் படங்களோடு போங்கள்.

கட்டும்போது, கப்புக்குள் மெல்லிய வெள்ளைத் தாளைக் கசக்கி நிரப்புங்கள். காதின் ஓட்டைக்குள்ளும் சுற்றிலும் தாளைச் சுருட்டி, காது கப்பின் உடலோடு ஒரே உருண்டையாகும்வரை சுற்றுங்கள். அதன் பிறகே குமிழித் தாள். குமிழித் தாளை நேரடியாகத் தங்கத்தின்மேல் சுற்றிச் சூட்டில் பல மாதம் வைத்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும். செய்தித்தாளின் மை நுண்கீறலில் இறங்கும், ரப்பர் பேண்ட் கறை வைக்கும். சாஸர்களை அடுக்காமல் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள், விளிம்பில் நிற்கும் தட்டு அதிர்வைத் தாங்கும். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை. மூடிய பிறகு குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் அசைவது கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.